ரெண்டு கதவு வண்டி

பாத்துத் தெறங்க தம்பி, கதவு நீளம். அந்தப் பக்கம் செவுரு இருக்குது. எல்லா வண்டிக் கதவு மாதிரி நெனச்சு வீசித் தெறந்தீங்கன்னா செவுத்துல போய் இடிக்கும். இந்தப் பக்கக் கதவு ஓரத்துல ஒரு கோடு தெரியுதுங்களா, அது அப்பிடி இடிச்சதுதான். நான் இல்லீங்க, என்ற அக்கா. நான் ஒண்ணும் சொல்லல. மூத்தவங்களைச் சொல்ல முடியுங்களா.

டிரைவர் சீட்டுல உக்காருங்க. நான் இந்தப் பக்கம் உக்காந்துக்கறன். எப்பிடி இருக்குது? தரையோட ஒட்டி உக்காந்த மாதிரி இருக்குதுல்ல? அதான் இந்த வண்டி.

ஏன் விக்கறீங்கன்னு போன்லயே கேட்டீங்க. நேர்ல வாங்க சொல்றன்னு சொன்னன். மறைக்கறதுக்கு என்ன இருக்குது. இந்த வண்டியால என்ற ஊட்டுக்காரி கோவிச்சுக்கிட்டு அவ தம்பி ஊட்டுக்குப் போயிட்டா. சித்திரையில போனவ, ஆடி முடியப் போகுது, இன்னும் வரல. வண்டி போச்சுன்னா வந்துருவா. வராம எங்க போறா. அதனால இன்னைக்கு இது போயாகோணும், அவ்வளவுதான்.

உங்களுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம்னு சொன்னீங்க. இங்க சரவணம்பட்டியில கம்பெனி வேலை. அப்ப எங்க ஊர்ச் சங்கதி தெரிஞ்சிருக்காது. சொன்னாத்தான் நான் பட்ட அவமானம் உங்களுக்குப் புரியும். மொதல்ல வண்டியச் சொல்லீர்றன்.

கோயமுத்தூர்ல ரெண்டு கதவு வண்டி எத்தனை இருக்கும்னு நெனைக்கறீங்க? பணக்காரன் வெச்சிருப்பான், அது வேற. நம்மளாட்டம் பட்டறை வெச்சிருக்கறவன் வாங்கற மாதிரி வெலையில வந்தது இது ஒண்ணுதான். கம்பெனிக்காரன் கொஞ்ச வருசம் போட்டுப் பாத்தான். நம்ம ஆளுக ஒரு வண்டியில ஒம்பது பேரை அடைக்கறவங்க, எவன் வாங்குவான். நிறுத்திப்போட்டான். அதனாலதான் எனக்குச் சல்லிசாக் கெடைச்சுது. ஒரே பொண்ணு, கட்டிக் குடுத்தாச்சு, எனக்கு எதுக்கு நாலு கதவுன்னு வாங்கிட்டன்.

ஓட்டிப் பாத்தீங்கன்னா விட மாட்டீங்க. ஆழியாறு தாண்டி வால்பாறை மலை ஏறுங்க. வளைவுல மத்த வண்டியெல்லாம் ஒரு பக்கமாச் சாயும், இது தரையப் புடிச்சுக்கிட்டு அப்பிடியே திரும்பும். பெட்ரோல் பங்குல நின்னா காலேஜ் பசங்க வந்து போட்டோ எடுப்பானுங்க. இந்த வயசுல என்னையவும் நாலு பேரு திரும்பிப் பாத்தாங்கன்னா அது இந்த வண்டியிலதான். பொய் சொல்லக் கூடாது.

ஒரே ஒரு தொல்லை, வேகத்தடை. எங்க கணபதி ஏரியாவுல போடறவனுக்கு ஒசரமும் தெரியாது அளவும் தெரியாது. அடியில உரசுனா எனக்கு நெஞ்சுலயே உரசும். பின்னாடி ஆள் இருந்தா இன்னும் தாழ்ந்து உரசும். துளசிய எறக்கி விட்டுத் தாண்டீரலாம்னு பாத்தா, அவ எறங்க அக்கா எந்திரிச்சு வழி விடோணும். அக்காவுக்கு அது முடியாதுங்க. சரி கெடக்குதுன்னு மெதுவா ஏத்தி எறக்குவன்.

துளசிமணிதான் என்ற ஊட்டுக்காரி. அக்கா பேரு பாப்பாத்தி. அப்பன் ஆத்தா போன பொறவு என்னைய வளர்த்துனது அக்காதான். மாமா இறந்ததுல இருந்து எங்க போனாலும் எங்களோடதான் வரும். கோயில், கல்யாணம், ஆஸ்பத்திரி, எங்கியும். முன்னாடி சீட்டு அக்காவுக்கு. பின்னாடி உக்காந்தா அதுக்குக் கொமட்டும். மூத்தவளும்கூட. பின்ன துளசிதான பின்னாடி உக்காரோணும்? அவளுக்கு முழங்கால் வலிதான், இல்லீங்கல. ஆனா ஒரு வார்த்தை சொன்னதில்லைங்க. வால்பாறை போய்ட்டு வந்தம், அத்தனை வளைவு, அக்கா சிரிச்சுக்கிட்டே வந்துச்சு. பின்னாடி இருந்து ஒரு சத்தம் வரல. ஊட்டுக்கு வந்து எறங்குனவ நேராப் பின்கட்டுக்குப் போய்ப் படுத்துக்கிட்டா. நான் வண்டியக் கழுவிட்டு இருந்தன்.

நீங்களே சொல்லுங்க, புடிக்கலீன்னா வாயத் தெறந்து சொல்ல வேண்டியதுதான? சொன்னாத்தான தெரியும். மனசுக்குள்ள வெச்சுக்கிட்டு ஒரு நாள் மொத்தமாக் காட்டுனா என்ன அர்த்தம்?

இன்னொண்ணும் சொல்லீர்றன், அப்பறம் ஏமாத்திட்டான்னு சொல்லக் கூடாது. பின்னாடி ஏறோணும்னா நான் இப்ப உக்காந்திருக்கறன் பாருங்க, இந்தச் சீட்டை முன்னால மடக்கோணும். டிரைவர் சீட்டு மடங்காது. இதோட தோள்ல ஒரு லீவர் இருந்துச்சு. பின்னாடி உக்காந்திருக்கறவங்களும் அதை இழுத்து, சீட்டைத் தள்ளிட்டு எறங்கிக்கலாம். அது உடைஞ்சுபோச்சுங்க. இப்பக் கீழ முன்பக்கம் இருக்கற கம்பிய வெளிய நிக்கறவங்க இழுத்து விட்டாத்தான் மடங்கும். சின்னச் சமாச்சாரம். நம்மகிட்டயே லேத்து பட்டறை இருக்குது, ஒரு மத்தியான வேலை. நேரந்தான் வாய்க்கல.

கியர் தலையா? அது பித்தளைங்க. நானே நம்ம லேத்துல கடைஞ்சது. கையில புடிச்சுப் பாருங்க. மூணு தடவ கடைஞ்சு, மூணாவதுதான் மனசுக்குப் புடிச்சுது.

சரி, கேளுங்க. துளசிக்கு ஒரே தம்பி, சிவராசு. அன்னூர்ப் பக்கம் தோட்டம், மோட்டாரு, மாடு, எல்லாம் இருக்குது. பொண்ணு கெடைக்கல. எங்க பக்கம் தோட்டங்காட்டுல இருக்கற பையனுக்கு இப்ப யாருங்க பொண்ணு குடுக்கறாங்க. நாப்பது தாண்டிருச்சு. துளசி ஏறாத ஊடு இல்லை, கும்புடாத சாமி இல்லை. கடைசியா பங்குனியில ஒரு எடம் அமைஞ்சுது. அன்னைக்கு அவ அழுததைப் பாக்கோணுமே. என்ற பொண்ணு கல்யாணத்துக்குக்கூட அப்பிடி அழுகல.

எங்க கல்யாணத்துல இணைச்சீர்னு ஒண்ணு உண்டுங்க. மாப்பிள்ளையோட கூடப்பொறந்தவளுக்குச் செய்யற சீர். அவளுக்குக் கூறைச் சேலை கட்டி, மாப்பிள்ளைகூட உக்கார வெச்சு, அருமைக்காரர்னு எங்க சடங்கு செய்யறவரு முன்ன நின்னு நடத்துவாரு. பொம்பளைக்கு அது ஒரு தடவைதான் வரும், தம்பி கல்யாணத்துல. துளசிக்கு ஒரே தம்பி. இத்தனை வருசமா அவ காத்துக்கிட்டிருந்தது அந்த ஒரு சீருக்குத்தான். ஒரு மாசமா அதே பேச்சு. ஏனுங்க, சேலை அரக்குல எடுக்கலாங்களா, பச்சையில எடுக்கலாங்களான்னு என்னையப் போட்டு உயிரை எடுத்துட்டா. எதையோ எடு போன்னு சொன்னன்.

கல்யாணத்துக்கு முதநாள் சாயங்காலம் சீரு. விடியக் கருக்கல்லயே போயிரலாம், இல்லீன்னா பஸ்ஸுலயாவது நான் முன்னாடி போறன்னு அவ சொன்னா. நான் விடல. மாப்பிள்ளைக்கு மாமன் நானு, என்ற பொண்டாட்டி பஸ்ஸுல போய் எறங்குனா எனக்கு என்ன மரியாதை? அக்கா சாப்பிட்டுச் சித்த படுத்து எந்திரிச்சுப் பொறப்பட நேரமாயிருச்சு. சித்திரை வெயிலு. பின்னாடி துளசி, மடியில ஒரு சீர்த்தட்டு, பக்கத்துல ரெண்டு தட்டு, தேங்காய், பழம், வெத்தலை. டிக்கி சின்னதுங்க, அக்கா பெட்டி வெச்சதும் ரொம்பிருச்சு.

மண்டபத்துக்கு முன்னாடி போய் நிறுத்தறன், மேளக்காரன் அடிக்க ஆரம்பிச்சுட்டான். என்ற வண்டியப் பாத்துட்டு அத்தனை சனமும் திரும்புச்சு. சிவராசு ஓடி வந்தான். மாமா வாங்க, வாங்கன்னு கையப் புடிச்சுக்கிட்டான். பன்னீர் தெளிக்கறாங்க, சந்தனம் குடுக்கறாங்க, ஒருத்தன் மாலையே கொண்டாந்துட்டான். அக்காவையும் ரெண்டு பொம்பளைக வந்து தாங்கிக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. அக்கா பொறுப்புங்க, துளசியோட கைப்பைய மறக்காம எடுத்துக்கிட்டு எறங்குச்சு. டிரைவர் பையன் ஒருத்தன் வண்டிய நான் ஓரங்கட்டறனுங்கன்னான். என்ற வண்டிய எவன்கிட்டயும் குடுக்க மாட்டன். நானே கொண்டுபோய் மண்டபத்துக்குப் பின்னாடி, தகரக் கொட்டாய் ஓரமா வெயில்ல நிறுத்திட்டு, பூட்டிட்டு வந்தன்.

என்னங்க அப்பிடிப் பாக்கறீங்க? பின்னாடி திரும்பிப் பாத்து யாருங்க வண்டிய நிறுத்தறாங்க? கண்ணாடி இருக்குது, கண்ணாடியப் பாத்துத்தான் ரிவர்ஸ் எடுப்பாங்க. அதுல தட்டுந் தேங்காயுந் தெரிஞ்சுது. அவ ஒரு வார்த்தை பேசியிருந்தா? பேசுனன்னு என்ற பொண்ணுகிட்டச் சொல்லியிருக்கறா. ஏனுங்க, ஏனுங்கன்னு கூப்பிட்டாளாம். மேளம் அடிக்குது, ஜெனரேட்டர் ஓடுது, எனக்கு எப்பிடிக் கேக்கும்?

உள்ள போனன், முன் வரிசையில உக்கார வெச்சாங்க. காப்பி வந்துச்சு. பொண்ணு ஊட்டு ஆளுக நாலஞ்சு பேரு வந்து சுத்தி உக்காந்துக்கிட்டாங்க. வண்டி உங்களுதுங்களா, என்ன மைலேஜ் குடுக்குது, எத்தனை பேரு உக்காரலாம்னு கேட்டாங்க. நாலு பேரு தாராளமா உக்காரலாம்னு சொன்னன். மலை ஏறுன கதையெல்லாம் சொன்னன். நல்லாக் கேட்டாங்க.

அப்பத்தான் அருமைக்காரர் கூப்பிடறாரு, இணைச்சீருக்குக் கூடப்பொறந்தவளை வரச் சொல்லுங்கன்னு. ஆளைக் காணோம். மாடியில பாத்தாங்க, மணப்பொண்ணு ரூமுல பாத்தாங்க, கெணத்தடியில போய்ப் பாத்தாங்க. போன் போட்டா மணி என்ற அக்கா மடியிலயே அடிக்குது. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். இத்தனை வருசம் சீரு சீருன்னு உசுரை வாங்கிட்டு, சமயத்துல எங்க போய்த் தொலைஞ்சான்னு நானும் எந்திரிச்சுத் தேடுனன். சமையக்கட்டு வரைக்கும் போய்ப் பாத்தன். அத்தனை ஒறம்பரை சனத்துக்கு முன்னாடி, மாமா, அக்கா எங்கன்னு சிவராசு கேக்கறான். நான் என்னன்னு சொல்றது? என்ற மானம் போச்சு.

நல்ல நேரம் முடியப் போகுதுன்னு அருமைக்காரர் அவசரப்படுத்துனாரு. என்ன பண்ணுவாங்க. பெரியப்பன் மகள் ஒருத்தி இருந்தா, பங்காளி மொறையில அவளும் கூடப்பொறந்தவதான். துளசிக்கு எடுத்த அரக்குச் சேலைய அவளுக்குக் கட்டி உக்கார வெச்சுட்டாங்க. சீரு பாதி நடக்கும்போது வாட்ச்மேன் உள்ள ஓடியாறான். செவப்பு வண்டி யாருதுங்க, உள்ள ஒரு அம்மா இருக்காங்கன்னு கத்தறான். எந்த அம்மான்னு நான் கேட்டன். நெசமாலுமே எனக்குத் தோணலீங்க.

போய்த் தெறந்தன். சேலையெல்லாம் பிழிஞ்சு எடுத்த மாதிரி. மூஞ்சி செவந்துபோய்க் கெடந்தது. அப்பவும் சீர்த்தட்டை மடியிலயே வெச்சிருந்தா, ஒரு வெத்தலை கலையல. எறங்கி, கால் ஊன முடியாம அப்பிடியே செவுத்தைப் புடிச்சுக்கிட்டு உள்ள நடந்தா. வாசப்படியில நின்னு மணவறையப் பாத்தா. அவ சேலைய இன்னொருத்தி கட்டிக்கிட்டு அவ தம்பி பக்கத்துல உக்காந்திருக்கறா. சிவராசு இவளைப் பாத்துட்டு எந்திரிக்கப் போனான். இவ, உக்காரு சாமின்னு கையக் காட்டுனா. தட்டைக் கொண்டுபோய் வெச்சுட்டு ஒரு தூணு ஓரமா உக்காந்துக்கிட்டா. அழுகக்கூட இல்லைங்க.

அன்னைக்கு ராத்திரியும் பேசல, அடுத்த நாள் முகூர்த்தத்துலயும் பேசல. எல்லா வேலையும் பாத்தா, எல்லாரையும் சாப்பிட வெச்சா. பொறப்படற சமயத்துல நான் வண்டிய வாசல்ல கொண்டாந்து நிறுத்துனன். அக்கா ஏறி முன்னாடி உக்காந்துருச்சு, அப்பறம் இவளுக்காகத் திரும்ப எறங்கோணுமேன்னு மொணகிக்கிட்டே எறங்குச்சு. துளசி வந்தா. ஏறல. என்ற பக்கம் வந்து நின்னு ஒண்ணே ஒண்ணு கேட்டா. நேத்து என்னைய எங்கெங்கீங்க தேடுனீங்கன்னு.

நானும் சொன்னன். மாடியில தேடுனன், கெணத்தடியில தேடுனன், சமையக்கட்டுல போய்த் தேடுனன், எத்தனை பேருகிட்டக் கேட்டன் தெரியுமான்னு. உள்ளதைத்தான சொன்னன்? சரிங்கன்னு தலைய ஆட்டிட்டு உள்ள போயிட்டா. அவ்வளவுதான். அதுல என்ன தப்புன்னு இன்னி வரைக்கும் எனக்குப் புரியல. தேடாம இருந்தாத் தப்பு. தேடுனதும் தப்புங்களா?

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். ஹாரன் இருக்குதுல்ல? பின் சீட்டுல இருந்து ஸ்டியரிங் எத்தனை தூரம்? கைய நீட்டி ஒரு அமுக்கு அமுக்குனா மண்டபமே திரும்பிப் பாத்திருக்கும். அதைச் செய்யாம, புழுங்கிப் புழுங்கி உக்காந்திருந்து, என்னைய ஊருக்கு முன்னால குத்தவாளி ஆக்கிட்டா. வீம்புங்க. வீம்பில்லாம வேற என்ன?

சிவராசு பேசறதில்லை. அக்கா இங்க வந்து, போனவ போகட்டும், சோத்துக்கு நான் இருக்கறன்னு சொல்லிட்டு ரெண்டு நாள் ஆக்கிப் போட்டுச்சு, அப்பறம் இடுப்பு வலின்னு போயிருச்சு. போன வாரம் நானே எறங்கி வந்து போன் போட்டன். வண்டிய வித்துப்போடறன், போதுமாடின்னு கேட்டன். எத்தனை பெரிய வார்த்தை பாருங்க, என்ற உசுரு மாதிரி வெச்சிருந்த வண்டி. அதுக்கு அவ சொல்றா, வாங்கறவங்க ஊட்டுல பொம்பளையாளு இருந்தா அந்த லீவரை மட்டும் செஞ்சு குடுத்துருங்கன்னு. வெச்சுட்டா. நான் சாப்பிட்டனா, எப்பிடி இருக்கறன்னு ஒரு வார்த்தை கேக்கல. லீவராம்.

உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா? ஆவணியிலயா. நல்லது. அப்ப ரெண்டு பேருக்கு இது தாராளம். உங்க அம்மா வந்தா? பின்னாடி சீட்டு இருக்குதே. நல்ல சீட்டுங்க. நான் உக்காந்து பாத்ததில்லை, ஓட்டறவன் எதுக்குப் பின்னாடி உக்காரப் போறன். ஆனா நல்லா இருக்கும். உக்காந்து காட்டோணுமா? அதுக்கென்ன. கொஞ்சம் எறங்கி இந்தப் பக்கம் வாங்க. நான் எறங்கிக்கறன். கீழ அந்தக் கம்பிய இழுங்க. ஆங், மடங்கிருச்சா. தலையக் குனிஞ்சு... வலது காலை மொதல்ல... இதென்ன எழவு, கால் எங்க வெக்கறது. சித்த இருங்க. ஆச்சு. உக்காந்துட்டன்.

சீட்டைப் பழையபடி சாத்துங்க. நீங்க முன்னாடி உக்காந்து பாருங்க. முழங்கால் கொஞ்சம் இடிக்குது, பரவால்லை. உங்களுக்கு எடம் தாராளமா இருக்குதுல்ல?

இதென்னங்க இங்க, சீட்டு முதுகுல துணி தேஞ்சுபோய் நூல் நூலா வந்திருக்குது. நாலு விரல் புடிச்ச மாதிரி. வேகத்தடைக்கெல்லாம் இதையப் புடிச்சுக்கிட்டிருந்திருப்பா. பொருளை எப்பிடி வெச்சுக்கோணும்னு தெரியாதவ. புடிக்காம உக்கார முடியாதுங்களா?

போனுங்களா? எடுங்க எடுங்க. எறங்கிப் பேசுங்க, ஒண்ணும் அவசரம் இல்லை.

கதவை ஏனுங்க சாத்துனீங்க? தம்பி. கண்ணாடி எறங்காதுங்க இங்க, பின்னாடிக் கண்ணாடி தெறக்கற மாதிரி வெக்கல கம்பெனிக்காரன். தம்பி, அந்தச் சீட்டைச் சித்த மடக்கி விட்டுட்டுப் போங்க.

தம்பி. ஏனுங்க.

கேக்கல போல இருக்குது. ரோட்டுல தண்ணி லாரி நிக்குது, அந்தச் சத்தம். சரி, ஹாரன் அடிச்சாத் திரும்பிப் பாப்பாரு. இந்த ரெண்டு சீட்டுக்கு நடுவால கைய விட்டு... தோள் பட்டை போக மாட்டீங்குது. இப்பிடிச் சாஞ்சு... வயிறு இடிக்குது. ஒரு சாண் பத்தலீங்க. ஒரே ஒரு சாண்.

வேர்த்து ஊத்துது. என்ன வண்டிங்க இது.

அங்க பாருங்க, வாசக் கேட்டுப் பக்கம் முதுகைக் காட்டி நின்னு பேசிக்கிட்டு, வண்டியக் கையக் காட்டிக் காட்டிச் சிரிக்கறாரு. யாருகிட்டயோ வண்டியப் பத்தித்தான் பெருமையாச் சொல்றாரு. நல்லாச் சொல்லுங்க. ஒரே ஒரு தடவ இந்தப் பக்கம் திரும்பிப் பாத்தா என்னவாமா.